இலைக்காரரின் மூக்கு

இலைக்காரரின் மூக்கைக் கேலி செய்யாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. முகத்தில் பாதி இடத்தை அதுவே வளைத்துப் போட்டுக்கொண்டது என்பார்கள். ஆனால் அந்த வீட்டில் உண்மையான மூக்கு அவருடையதல்ல, அவர் மனைவியுடையது. இதை அவரே ஒப்புக்கொள்வார். "எனக்குப் பெருசா இருக்குது, அவ்வளவுதான். வேலை செய்யுறது அவளுது" என்பார்.

அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஏழு வருஷம் குடியிருந்தவன் நான். தெருக்கோடியில் அவர்களுடைய உலர்த்தும் கொட்டகை இருந்தது. வல்லாரையைப் பச்சையாக வாங்கி, மூன்று தண்ணீரில் அலசி, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, நிழலில் உலர்த்தி, மருந்து செய்கிறவர்களுக்கு விற்பார்கள். வெயிலில் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும், ஆனால் இலை கறுத்துவிடும். நிழலில் நாலு நாள் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மின்விசிறிகளை ஓட விட்டு, மின்சாரம் போனால் இருவரும் ஆளுக்கொரு அட்டையை எடுத்துத் தட்டுகளுக்கு விசிறுவார்கள். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். வீட்டில் நோயாளி கிடந்தால்கூட அப்படி விசிற மாட்டார்கள்.

மூட்டை கட்டுவதற்கு முன் அந்த அம்மாள் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். இன்னும் ஈரம் இருக்கிறது, வேறு புல் கலந்திருக்கிறது, சேறு சரியாகப் போகவில்லை என்று பட்டுப் பட்டென்று சொல்லுவார். அவர் சரி என்று தலையாட்டிய மூட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பூசணம் பிடித்த மூட்டைக்குள் கையை விட்டு, மோந்து, சரி என்று தலையாட்டினார். பத்தடி தள்ளி நின்ற இலைக்காரருக்கே குப்பென்று அடித்தது.

"என்னம்மா, சளி புடிச்சிருக்கா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"இதை மோந்து பாத்தியா?"

"பாத்தேனே. நல்ல இலைங்க."

சளி என்றுதான் அவர் வைத்துக்கொண்டார். ஆவி பிடிக்கச் சொன்னார். பிறகு ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்கப் புகை சூழ்ந்தபோது, அந்த அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பைகளை மடித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வார்த்தைகள் நழுவ ஆரம்பித்தன. துண்டைத் 'தோள்ல போடுற அது' என்றார். செத்துப்போன தங்கை ஏன் போன் செய்யவே மாட்டேன் என்கிறாள் என்று கோபித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இந்த வியாதியில சில பேருக்கு வாசனைதான் முதல்ல போகும். பேரு, முகமெல்லாம் அப்புறம்" என்றார்.

"முகமும் போகுமா?"

"போகலாம்."

"என் முகமுமா?"

டாக்டரம்மா நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சமைப்பதும் துவைப்பதும் தலை சீவி விடுவதும் இலைக்காரருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒன்றுக்குத்தான் பயந்தார். முப்பத்தெட்டு வருஷமாக 'ஏங்க' என்று கூப்பிட்டவள், ஒருநாள் தன்னைப் பார்த்து யார் நீங்க என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம். இதை அவரே என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் டாக்டரம்மா அந்தப் புது மருந்துச் சோதனையைப் பற்றிச் சொன்னார். வல்லாரைச் சாரத்தை மிக மிக நுண்ணிய துகளாக்கி மூக்கில் சொட்டு விடும் மருந்து. அதற்கான இலை இவர்கள் கொட்டகையிலிருந்துதான் போகிறது என்பதே இலைக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஒரு தலைமுடியோட குறுக்க எண்ணூறு துகளை வரிசையா நிக்க வைக்கலாம். அவ்வளவு பொடிசு" என்றார் டாக்டரம்மா.

"எங்க சல்லடையில நிக்காதே."

"எந்தச் சல்லடையிலயும் நிக்காது. அதுக்கு மேல கொழுப்புல ஒரு உறை போடுறோம். மூக்குல விட்டா மூளைப் பக்கம் போய்ச் சேரும்னு எதிர்பாக்குறோம்."

"போகுமா, எதிர்பாக்குறீங்களா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் சோதனை. நூத்திருபது பேரு, பன்னெண்டு வாரம். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கும் அதே மாதிரி பாட்டில்தான், ஆனா உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. பாட்டில் மேல எண் மட்டும்தான் இருக்கும்."

"அப்போ நாங்க பன்னெண்டு வாரம் வெறும் தண்ணியை விட்டுட்டு இருக்கலாம்?"

"இருக்கலாம்யா. அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் கையெழுத்து. இன்னொண்ணு. ஒருத்தருக்கு நல்லாச்சுன்னு வெச்சு மருந்து வேலை செய்யுதுன்னு சொல்ல முடியாது. இந்த வியாதியில தானாவே நாலு நல்ல நாள் வரும், போகும்."

இலைக்காரர் கையெழுத்துப் போட்டார். முழுகுகிறவன் கயிறு எத்தனை முழம் என்று கேட்டுக்கொண்டிருப்பானா?

பூட்டுக்காரரை அவர் பார்த்தது அங்கே வெளிவாசல் பெஞ்சில்தான். சாவி செய்யும் கடை வைத்திருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போனபின் தன்னை வளர்த்து ஆளாக்கிய அண்ணனோடு இருந்தார். அந்த அண்ணனுக்கும் இதே வியாதி, இதே சோதனை. அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயது. தம்பி யாரென்றே தெரியாமல் போய் ஒன்றரை வருஷமாகிவிட்டது.

"ஊருக்கெல்லாம் சாவி செஞ்சு குடுக்குறேன். எங்கண்ணன் வீட்டுச் சாவியை எங்க ஒளிச்சு வெக்கிறாருன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்று சிரித்தார் பூட்டுக்காரர். சிரித்து முடித்துவிட்டு, "இந்த மருந்தைக் குளிர்ல வெக்கணுமாமே. எங்க வீட்டுல அது ஆகாது. கரண்டு வீணாகுதுன்னு ஃப்ரிட்ஜு வயரைப் புடுங்கிப் போட்டுடுவாரு. என்ன பண்றதுன்னு முழிச்சிட்டிருக்கேன்" என்றார்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல வெச்சுக்கலாமே. வாரம் ஒரு பாட்டில் வந்து எடுத்துக்குங்க."

இதை இலைக்காரர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டிக்குப் பன்னிரண்டு சிறு பாட்டில்கள். இரண்டு பெட்டிகளும் அவர் வீட்டுக்கு வந்தன. மறுநாள் காலை முதல் சொட்டு விடுவதற்காக மனைவியின் பாட்டிலைத் திறந்தவர், பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தார். வல்லாரை வாசனை வந்தது. ஆனால் அவருக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்து, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் காத்திருந்தார். கொட்டகையில் இலையைச் சோதிக்கும் முறை அதுதான். அசல் இலையின் வாசனை காய்ந்த பிறகும் நிற்கும், நனைந்த வைக்கோலும் கசப்புமாக. இதிலோ எல்லாம் ஓடிப்போய், சோப்பு மாதிரி ஓர் இனிப்புதான் மிஞ்சியது. எசன்ஸ்.

பூட்டுக்காரரின் பாட்டில் ஒன்றையும் எடுத்தார். இன்னொரு புறங்கை, இன்னொரு டீ. அதில் கடைசிவரை இலை நின்றது. அவர் கொட்டகை இலை.

அந்தச் சமையலறையில் அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் தட்டுகளைப் புரட்டும் நேரமும் தாண்டிவிட்டது. உள்ளறையிலிருந்து அந்த அம்மாள், "ஏங்க, மழை வருது, இலை என்னாச்சு?" என்று கூப்பிட்டார். கணவரையும் தெரிந்தது, இலையும் நினைவிருந்தது. இன்னும் இவ்வளவு மிச்சமிருக்கிறது என்று இலைக்காரர் நினைத்தார். அந்தப் பெரியவருக்குப் போக வேண்டியதெல்லாம் போயாச்சு, இவளுக்குக் காப்பாத்த இன்னும் இருக்கே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டியும் உரித்தும் பழகிய கை. ஆவியில் காட்டியதும் எண் போட்ட சீட்டு கிழியாமல் கழன்று வந்தது. இருபத்துநாலு சீட்டுகளையும் உரித்து இதை அதிலும் அதை இதிலும் ஒட்டினார். எடையில் ஒரு கைப்பிடி இலை குறைந்தால் ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக் கொடுக்கிறவர் செய்த காரியம் இது.

திங்கட்கிழமைதோறும் பூட்டுக்காரர் வந்து ஒரு பாட்டிலை எடுத்துப் போவார். வெறுங்கையோடு வர மாட்டார். ஒருநாள் ரொட்டி, ஒருநாள் அவித்த முட்டை. கொட்டகைக் கதவின் இறுகிப்போன பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. "மனுஷன்னா உங்களை மாதிரி இருக்கணும் இலைக்காரரே. முன்னப்பின்ன தெரியாதவனுக்கு வீட்டுல இடம் குடுத்தீங்க" என்பார். இலைக்காரர் எழுந்து டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடப் போவார். பூட்டுக்காரருக்கு டீ எப்போதும் திகட்டுகிற அளவு இனிப்பாகவே கிடைத்தது.

நாலு வாரம் போயிற்று. அந்த அம்மாளிடம் மாற்றமில்லை. இருந்தால் கீழேதான். டீயில் உப்பைப் போட்டார். மின்விசிறியைக் காட்டி, இது ஏன் நம்மையே பார்க்கிறது என்று கேட்டார். இலை வேலை செய்ய நாளாகும் என்று இலைக்காரர் பொறுத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் பூட்டுக்காரர் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார்.

"கேட்டீங்களா சங்கதியை! நேத்துச் சாப்பிட உக்காந்தேன். எங்கண்ணன் என் கையைப் பாத்துட்டு, நகத்துல இரும்புத்தூளு இருக்கு, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து உக்காருடான்னாரு. 'டா' போட்டு! நான் கடையில வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து இதைத்தான் சொல்லுவாரு. நான் கழுவிட்டே இருக்கேன், அழுதுட்டே இருக்கேன், அவரு போதும் வாடா, சோறு ஆறுதுன்னு..."

இலைக்காரர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஆனால் வெறும் பாட்டிலில் எப்படி? தானாகவே நாலு நல்ல நாள் வரும் என்று டாக்டரம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணன் அரத்தைக் கையில் எடுத்து ஒரு சாவியை ராவினாராம். அதற்கடுத்த வாரம் ஃப்ரிட்ஜு வயரை அவரே மாட்டினாராம்.

ஏழாவது வாரக் கடைசியில், அந்த மருந்து தயாராகும் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மூட்டை இலை கொண்டுபோய்ப் போட்டார் இலைக்காரர். அங்கே எந்திரம் ஓட்டும் பெண்ணுக்கு அவரை இலை கொண்டு வருகிறவராக மட்டும்தான் தெரியும். கண்ணாடிக் குடுவையில் பாலாகக் கலங்கிய ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா, உங்க இலைதான். மோந்து பாருங்க" என்றாள்.

மோந்தார். ஒன்றுமே இல்லை.

"வாசனையே இல்லையே?"

"இருக்கக் கூடாதுய்யா! வாசனை அடிச்சா உறை சரியா மூடலைன்னு அர்த்தம், கீழ கொட்டிடுவோம். எல்லாம் உள்ள பூட்டிக் கெடக்கு. அதுக்கப்புறம் எசன்ஸ் ஊத்துறோம்."

"எதுக்கு எசன்ஸ்?"

"சும்மா குடுக்குற பாட்டில்ல இலை ஊறின தண்ணியைக் கொஞ்சம் விடுறோம்ல, நெறத்துக்கும் வாசனைக்கும். அது மூக்கோட நின்னுடும், மருந்து இல்ல. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணுமே. யாராலயும் கண்டுபுடிக்க முடியாது."

மூட்டைக்கு வாங்க வேண்டிய ரசீதைக்கூட வாங்காமல் இலைக்காரர் வெளியே வந்தார். எசன்ஸ் அடித்த பாட்டில்தான் மருந்து, இலை மணத்தது வெறும் தண்ணீர். ஊரில் வேறு யார் வீட்டுக்கு அந்தப் பாட்டில்கள் போயிருந்தாலும் ஒரு வம்பும் நடந்திருக்காது. கொண்டவளுக்கு வந்த மருந்தை, இலை தெரிந்த திமிரில், தன் கையாலேயே உரித்துக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை கெட்டில் மறுபடி கொதித்தது. இரண்டு பெட்டியிலும் ஐந்தைந்து பாட்டில்கள் மிச்சம். எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார். எதிரே அந்த அம்மாள் துணிப்பைகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து, பிரித்து, மறுபடி மடித்து. இது அவளுடையது, திரும்ப எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு என்று இலைக்காரர் நினைத்தார். இந்தத் தடவை நியாயம்கூடத் தன் பக்கம்தான் என்று நினைத்தார். இரண்டு சீட்டுகளை உரித்தும்விட்டார்.

பூட்டுக்காரர் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்து நின்றார். கூடவே அண்ணன்.

"எங்க போறேன்னு கேட்டாரு. நானும் வர்றேண்டான்னு கெளம்பிட்டாரு!" பூட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

பெரியவர் நனைந்த செருப்பை வாசலில் சுவரோரம் ஜோடியாக வைத்தார். உள்ளே வந்து எல்லோரையும் பொதுவாகப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் மடித்த பையை வாங்கி, மூலைகளை நேராக்கித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பைக்குக் கையை நீட்டினார். இலைக்காரர் அவரை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தது வெறும் உடம்பு. இப்போது அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

பூட்டுக்காரர் சிரிப்பு அடங்கி மேஜையைப் பார்த்தார். கெட்டிலைப் பார்த்தார். உரித்த சீட்டில் அண்ணனின் எண்.

"என்ன பண்றீங்க இலைக்காரரே?"

சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மோந்து பார்த்தது, மாற்றி ஒட்டியது, ஆய்வுக்கூடத்துப் பெண் சொன்னது எல்லாம். சொல்லச் சொல்லப் பூட்டுக்காரரின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"ஏழு வாரம்" என்றார். "ஏழு வாரமா இந்த வீட்டு டீயைக் குடிச்சேன். உங்களை மாதிரி மனுஷன் உண்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"ஆமா."

"எங்கண்ணனுக்கு நல்லது நடந்துச்சே, அது உங்களால வந்ததுன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க குடுக்க நெனச்சது வெறும் தண்ணி. தெரிஞ்சே குடுத்தீங்க."

"ஆமாங்க. அதுக்கு நான் என்ன சொல்லுறது? ஒண்ணும் சொல்ல முடியாது."

"வாங்க, இப்பவே போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லணும். எந்திரிங்க!"

"நான் சொல்றேன். நானே போய் என் வாயால சொல்றேன். அவங்க கணக்குத் தப்பாப் போகக் கூடாது. ஆனா இன்னைக்கு வேணாம்" என்று இலைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்குச் சொன்னா ரெண்டு பேரையும் சோதனையிலேர்ந்து எடுத்துடுவாங்க. பாட்டிலையும் வாங்கிக்குவாங்க. உங்கண்ணனுக்கும் நின்னு போகும். இந்த அஞ்சு வாரம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே போறேன்."

பூட்டுக்காரரின் கோபம் அப்படியே நின்றது, போக வழி தெரியாமல். அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் பையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அப்போ அக்காவுக்கு?"

"நான் சொன்னப்புறம் அவளுக்கு எங்க குடுக்கப் போறாங்க?"

"இது அக்காவுக்கு வந்ததுங்க. அவங்க மருந்தைத் தூக்கிக் குடுக்க நீங்க யாரு?"

எனக்கு இன்றுவரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை. மருந்தால்தான் பெரியவர் தேறினாரா, தானாக வந்த நல்ல நாட்களா என்று யாராலும் சொல்ல முடியாது. இலைக்காரர் உரித்த சீட்டுகளை இருந்தபடியே அந்தந்தப் பாட்டிலில் அழுத்தி ஒட்டினார். எட்டாவது வாரத்துப் பாட்டிலை எடுத்துப் பூட்டுக்காரர் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"உங்கண்ணனைப் பாக்காதப்போ எடுத்தேன். பாத்தாச்சுங்க. இனிமே எடுக்க முடியாது."

பூட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாததால்தான் அழுதார். மேஜையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, தோள் குலுங்க அழுதார். அந்த அம்மாளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை.

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தார். எட்டி அவர் தலையைத் தொட்டார்.

"எதுக்குத் தம்பி அழுவுறீங்க? அதான் குடுத்துட்டாருல்ல. இந்த ஐயா ரொம்ப நல்லவரு." பிறகு இலைக்காரர் பக்கம் திரும்பி, வந்தவரை உபசரிக்கும் குரலில் சொன்னார்: "நீங்க ஏன் நின்னுட்டே இருக்கீங்க, உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு கொட்டகைக்குப் போயிருக்காரு. இலை நனைஞ்சுடும்ல. இப்ப வந்துடுவாரு. உங்களைப் பத்தி நான் அவருகிட்டச் சொல்றேன்."

பூட்டுக்காரர் அழுகையை நிறுத்தி நிமிர்ந்தார். இலைக்காரர் நாற்காலியை இழுத்து, விருந்தாளியைப் போல அதன் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சரிங்கம்மா" என்றார். "அவரு வரட்டும். வந்ததும் சொல்லுங்க."